மங்கலாய்ப் போன முப்பத்தெட்டுப் பேர்

என் தங்கை லியோனார்தா, கொன்செப்சியோன் ஊர்ப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். சனிக்கிழமைதோறும் நூலகத்தில் படம் போட்டு அலசிப் பேசும் கழகத்தைப் பதினோரு ஆண்டுகளாக நடத்துபவளும் அவள்தான். நான் ஆறாவதோடு நின்ற மோட்டார் சைக்கிள் மெக்கானிக். ஆனாலும் சொல்கிறேன்: ஒரு படத்தை அவளைப் போலப் பார்க்கத் தெரிந்தவர்கள் தலைநகரிலும் குறைவு.

எங்கள் தாத்தாக்கள் காலத்தில் தண்ணீரில்லாத காட்டில் நடந்த சாக்கோ போரைப் பற்றிப் படம் எடுக்க வந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில், கொளுத்தும் வெயிலில், எங்கள் ஊரார் முப்பத்தெட்டுப் பேர் ஐந்து வாரம் சிப்பாய்களாக நடித்தார்கள். படம் வந்ததும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். தொப்பியை வைத்துத்தான் தங்களைக் கண்டுபிடிக்க முடிந்தது. கதாநாயகன் முகம் மட்டும் மயிர்க்கால் வரை தெளிவு. பின்னால் நின்றவர்கள் எல்லாம் வெறும் புகை.

லியோனார்தா அதை ஒன்பது முறை பார்த்தாள். வினாடி எண்ணியது நான். இரண்டு மணி ஆறு நிமிடப் படத்தில், எங்கள் குவாரனி மொழி பேசும் சிப்பாயின் முகம் தெளிவாகத் தெரிவது மொத்தம் பதினோரு வினாடி. அதில் ஏழு வினாடி பிணத்துக்கு. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அந்தப் படத்தைப் பற்றி அவள் எழுதியதைச் சிறு நூலாக அச்சிட்டு நாற்பது பள்ளிகளுக்குத் தருவதாக அரசுப் பண்பாட்டு அலுவலகம் ஒன்று சொன்னது. பார்த்து ஒப்புதல் தரத் தலைநகர் அசுன்சியோனிலிருந்து டாக்டர் லெஸ்கானோ என்ற விமர்சகர், ஒரு சனிக்கிழமை கழகத்தார் கூடியிருந்த நூலகத்துக்கு வந்தார்.

முதல் பக்கங்களைப் படித்துச் சிரித்தார். தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை ஒரே குவளையில் சுற்றிக் கொடுத்துக் குடிக்கும் காட்சியில் கதாநாயகன் குவளையைத் திருப்பிக் கொடுத்து 'நன்றி' என்கிறான். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் 'எனக்குப் போதும்' என்று பொருள். அவனோ அடுத்த சுற்றிலும் வாங்கிக் குடிக்கிறான்! பிறகு, தாகத்தில் சாகும்போது உதட்டை நக்குகிறான். 'நக்குவதற்கு எச்சில் ஏது?' என்று எழுதியிருந்தாள்.

"அற்புதம்மா, அற்புதம்!" என்றார் டாக்டர். பதினோரு வினாடிப் பக்கம் வந்ததும் முகம் மாறியது.

"இது வேணாம்மா. பின்னால மங்கலாக் காட்டுறது டைரக்டரோட பாணி. தனிமையச் சொல்றாரு."

"யாரோட தனிமைய டாக்டர்? பின்னால முப்பத்தெட்டுப் பேரு நிக்கிறாங்களே!"

"டிக்கெட் மாதிரி வினாடிய எண்ணுறீங்க. கலைய அப்படி எண்ணக் கூடாது."

"லென்ஸத் திருப்புனவரு எண்ணித்தானே திருப்பியிருப்பாரு?"

சிப்பாயாக நடித்த போர்ஃபிரியோ பின்வரிசையிலிருந்து எழுந்தார். "டாக்டரே, அஞ்சு வாரம் தாகத்துல நடிச்சேன். என் நடிப்பப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. என் பெண்டாட்டி நம்ப மாட்டேங்கிறா." எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"இந்தப் பக்கத்த எடுத்துட்டா நாளைக்கே அச்சுக்குப் போகும். இல்லேன்னா கஷ்டம்."

நான் அவள் காதருகே குனிந்தேன். "ஒரு பக்கந்தானே புள்ள, விட்டுடேன்." அப்படிச் சொன்னதற்கு இன்றும் கூசுகிறேன்.

"எண்ணுனது நீதானே அண்ணே?" என்றாள். பிறகு அவரிடம், "அப்ப அச்சு வேணாம், டாக்டர்."

மூன்று மாதம் கழித்து ஒரு நூல் வரத்தான் செய்தது. அட்டையில் டாக்டர் லெஸ்கானோ பெயர். உள்ளே அந்த நன்றியும் இருந்தது, எச்சிலும் இருந்தது. ஒரு சொல் மாறவில்லை; பதினோரு வினாடிப் பக்கம் மட்டும் இல்லை. என் தங்கை பெயரைப் பக்கம் பக்கமாகத் தேடினேன், நன்றியுரையில்கூட இல்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்ல?" என்று அவள் மூடி வைத்துவிட்டாள். என்னால் மூட முடியவில்லை. அலுவலகத்துக்கு நான்கு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. படித்தவர் திருடினால் அதற்குப் பெயர் வேறு போலிருக்கிறது.

பதினோரு வினாடிப் பக்கத்தை நாற்பது படி எடுத்தேன். மேலே அவள் முழுப்பெயர், கீழே முப்பத்தெட்டுப் பேரின் பெயர்கள். அந்த நூல் போன பள்ளிகளுக்கே வண்டியில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதுவரை இருபத்தாறு. மூன்று தலைமையாசிரியர்கள் வாங்க மறுத்தார்கள். அவர்களிடம் மறுபடியும் போவேன்.