மூன்றாம் நாள் எழாத மன்மதன்

இதை எழுத நினைத்து நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. சாமி காரியத்தில் வாய் வைக்கிறோமே என்ற பயம்தான். போன மாசியில் அப்பாவே, "எழுதும்மா, நாலு பேருக்கு ஆகும்" என்றார்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சிவன் மன்மதனை எரிக்கும் காமன் கூத்து. அந்த வருடம் அப்பா மன்மதன், சித்தப்பா சேலை கட்டி ரதி. அப்பாவுக்குப் பல நாளாக விட்டுவிட்டுக் காய்ச்சல். மாத்திரை போட்டால் விடும், மறுபடி அடிக்கும்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருங்களேன்" என்று அம்மா கெஞ்சினார்.

"காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டக் கூடாது புள்ள. சாமி பாத்துக்குவாரு."

கூத்தில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்குமுன்பே அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். "என்னா நடிப்பு!" என்று சனம் கைதட்டியது. வாய் கோணியிருப்பதைக் கண்டு, ரதி வேஷத்தோடே தூக்கி லொறியில் ஏற்றியது சித்தப்பாதான். ஆஸ்பத்திரி வாசலில், "சம்சாரமா?" என்று கேட்டார்களாம். "தம்பிங்க" என்று பொட்டுக் கரைய அழுதாராம்.

சின்னப் பிள்ளையான எனக்கு அழுகை வரவில்லை. கூத்தில் ரதி அழுது கேட்டதும், எரிந்த மன்மதனை மூன்றாம் நாள் சிவன் எழுப்பிவிடுவாரே! ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. ரதி ஆஸ்பத்திரியில் இருந்தால், சிவனிடம் அழுது கேட்பது யார்? பஸ் சத்தம் கேட்டால் ரோட்டுக்கு ஓடுவேன். திரும்பி வந்து அப்பாவின் செருப்பை நேராக வைப்பேன். மறுபடி ஓடுவேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா மட்டும் வந்தார். அந்தக் காய்ச்சலுக்குக் காரணமாக இதயத்தில் தங்கிய கிருமி ரத்தத்தோடு மூளைக்கு ஏறி, ஒரு ரத்தக்குழாயை அரித்து, அது பலூன் மாதிரி ஊதி வெடித்ததாம். கண்டியில் ஒப்பரேஷனாம். "சிவன் ஏமாத்திட்டாரு" என்று நான் பூசைத் தட்டை எட்டி உதைத்து, அடி வாங்கினேன்.

வாரக்கணக்கில் ஊசி. அதன்பிறகு நடை பழக்கும் இடத்துக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அப்பா. வலது கால் தரையை இழுத்தது. வேர்வை சொட்டியது.

"மன்மதரே, கரும்பு வில்லு கனக்குதோ? காலத் தூக்குங்க!" என்றார் சித்தப்பா.

அப்பாவின் உதடு நடுங்கியது. "நீ... சேலையக் கட்டிட்டு... வாடா. நடக்குறேன்."

பயிற்சி கொடுத்த அக்கா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சுவர் பக்கம் திரும்பி விம்மினார். ஒரு கேலிக்குப் போய் ஏன் அழுகிறார் என்று எனக்குக் கோபம். விழுந்த நாளிலிருந்து அப்பா வாயில் கோவையாக வந்த முதல் பேச்சு அது என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் எழுந்துகொண்டிருந்ததும் தெரியாது.

இதை நீங்கள் யாருக்காவது சொல்லும்போது கூட்டிக் குறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வைத்திருந்த காய்ச்சலை மறைத்து, சாமி குத்தம் என்று ஆக்கிவிடாதீர்கள். நாள் பிந்தினாலும் அப்பாவை எழுப்பியவர் அந்தச் சிவன் சாமிதான் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.