மீசை எடுத்த அசுரன்

"ஏனம்மிணி, அந்த நக்சல்காரனுக்கு மீசை எப்படி இருக்குது?" என்று கேட்டார் மாரப்பன்.

ஊர்ப் படிப்பகமான வாயனசாலையின் பெஞ்சில் உட்கார்ந்து மலையாளப் பத்திரிகையைத் தமிழில் படித்துச் சொல்லிக்கொண்டிருந்த சாந்தாமணி, படத்தை உற்றுப் பார்த்தாள்.

"மீசையே இல்லீங்க மாமா."

"பண்ணையக்கார ஜன்மி ஊட்டுக்குள்ள பூந்து வெட்டினவனுக்கு மீசை இல்லியா?"

"கண்ணாடி போட்டிருக்குது. காலேஜுப் பையனாட்டம் இருக்குதுங்க."

"அப்ப, அவன் வேசம் போடப்போற எம்பட தொப்பையை எங்க கொண்டுபோய் ஒளிக்கறது?"

சாந்தாமணி பேச்சில் சிக்கனக்காரி, சிரிப்பிலும்தான். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

மலையாள எல்லையில், முதலமடைப் பக்கத்து அந்தத் தமிழ் ஊரில் மாரப்பனுக்கு மாந்தோப்புதான் பிழைப்பு. மாரியம்மன் திருவிழாவான நோம்பியின் நாடகத்தில் மட்டும் அவர் அசுரன். அவர் உறுமினால் கட்டுத்தறி எருமை கயிற்றை இழுக்கும். நாடகத்துக்கு மறுநாள் காலை, அசுரன் முகத்தைக் கழுவிக்கொண்டு வீடு வீடாகப் போகவேண்டும் என்பது ஊர் வழக்கம். பயந்த குழந்தைகள் மீசையை இழுத்துப் பார்ப்பார்கள். 'நம்ம மாமன்தான்' என்று தெரிந்ததும் பயம் பறந்துவிடும். வீட்டார் அவர் துண்டில் ஓர் அச்சு வெல்லம் போடுவார்கள். பிள்ளையில்லாத மாரப்பனுக்கு அந்தக் காலைதான் நோம்பி.

எழுபத்தொன்றில் ஊரெல்லாம் நக்சல் பேச்சு. நாடகக்காரர்கள் அசுரனை எடுத்துவிட்டு நக்சல்காரனை வைத்தார்கள். மாரப்பன் மீசையை மழித்தார், கண்ணாடி மாட்டினார். மேடையில் உறுமவில்லை. ஜன்மி வீட்டு வாசலில் நின்று, தணிந்த குரலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டுக் கத்தியை உருவினார். முன்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பினார். முதல் வீட்டுக் குழந்தை தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தது. நிலபுலமுள்ள தோட்டக்காரர் அப்புசாமி வீட்டில் தாழ்ப்பாள் விழுந்தது. அவர் மனைவி சரஸ்வதியம்மாள் சன்னலுக்குப் பின்னாலிருந்து, "தப்பா நெனைக்காதீங்கண்ணா, நீங்க தண்ணி கேட்டாக் கத்தி நெனப்புத்தான் வருதுங்க" என்றாள்.

மாரப்பன் வெறுந்துண்டோடு வாயனசாலைக்கு வந்தார். "சாயம் பூசியிருந்தாக் கழுவியிருக்கலாம். எம்பட சொந்த மூஞ்சியை எங்க போயிக் கழுவறது, அம்மிணி?"

சாந்தாமணி பத்திரிகையை மடித்து வைத்தாள். எழுந்து போய் நாடகச் சாயப்பெட்டியை வாங்கி வந்தாள். வாய்க்கால் படியில் அவரை உட்காரவைத்து, பட்டப்பகலில் முகமெல்லாம் சிவப்பைப் பூசினாள். கரி மையால் காதுவரை மீசை வரைந்தாள். பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்தார்கள். மாரப்பன் ஒருதரம் உறுமிவிட்டு, "வாங்க கண்ணுகளா, நீங்களே கழுவி உடுங்க" என்றார். முதலில் ஒரு கை தண்ணீர், பிறகு குடம் குடமாக. சிவப்பு தொப்பையில் வழிந்தது. அப்புசாமியின் சின்ன மகள் அவர் மூக்கைப் பிடித்துத் திருகி, "அட, மாமன்!" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் துண்டு நிறைய வெல்லம் சேர்ந்துவிட்டது. சரஸ்வதியம்மாள் தன் கையாலேயே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்கடுத்த வாரம், பத்திரிகையை மடிக்கப்போன சாந்தாமணியை மாரப்பன் நிறுத்தினார்.

"அசுரன் எந்த ஊருன்னு ஆரும் கேக்கறதில்லை. இந்த நக்சல்காரன் ஆரோ பெத்த பையனில்ல? இனி இப்படிச் சேதி வந்தா, வெட்டுனதோட நிறுத்திராத, அம்மிணி. செத்தவரு ஊட்டுல ஆராரு இருக்காங்க, இவன் எதனால இப்படிப் போனான்னு போட்டிருந்தா, அதையும் எனக்குப் படிச்சுச் சொல்லு."