பாவா அணைத்த கற்பூரம்

நான் பொய்யன். சுயேச்சை என்ற பெயரில் இரண்டு ஊர்களுக்கு இரண்டு வாக்குக் கொடுத்து, ஜில்லா போர்டில் போய் உட்கார்ந்தவன்.

எந்தக் கட்சிக்கும் தலை வணங்காதவன் என்று திருத்தணிக் கடைவீதியில் எனக்கு மாலை போட்டார்களே, நீங்களும் கூட்டத்தில் நின்றிருப்பீர்கள்... கட்சி இல்லாதவனுக்குக் கொள்கையும் இல்லை என்பதை உங்களில் யார் கண்டீர்கள்?

ஆந்திரம் தனியாகப் பிரியப்போகிறது என்ற பேச்சு அப்போது பலமாக அடிபட்டது. பிரிந்தால் எல்லையில் இருக்கும் நாங்கள் எந்தப் பக்கம்? அம்மையார்குப்பத்து நெசவாளர்களிடம் தமிழில் பேசி, தமிழரோடுதான் இருப்போம் என்றேன். பள்ளிப்பட்டில் தெலுங்கில் பேசி, ஆந்திரத்தோடுதான் என்றேன். இரண்டு மொழியும் எனக்குச் சரளம். சிரமமே இல்லை!

பள்ளிப்பட்டில் என் அக்காள் கணவர் எனக்காக வீடு வீடாக அலைந்தார். பாவா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சனங்கள் தயங்கியபோது, அவர் முருகன் படத்தின் முன் கற்பூரம் கொளுத்தி, எரிகிற சுடரை உள்ளங்கையால் அணைத்து, என் வாக்குக்குத் தாமே சத்தியம் செய்தார். பக்கத்தில் கைகட்டி நின்றேன். தடுத்தேனா? இல்லையே!

ஜெயித்தேன். எல்லைத் தீர்மானம் போர்டுக்கு வந்தது. எப்படிக் கை தூக்கினாலும் ஓர் ஊர் என் கையை விட்டுப் போய்விடும்... வயிற்றுவலி என்று சொல்லி வெளியே போய்க் காபி குடித்தேன்.

பள்ளிப்பட்டார் பாவாவைப் பிடித்துக்கொண்டார்கள். பொய்ச் சத்தியம் செய்தவர் என்று பஞ்சாயத்துக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். அந்த ஆடிக் கிருத்திகைக்கு அவர் மொட்டையடித்துக் காவடி எடுத்து வந்தார். மலையடிவாரத்தில் அவரை மறித்தேன்.

"எதுக்கு பாவா இதெல்லாம்?"

"சத்தியம் பண்ணது நான்தானே நைனா? அன்னிக்குன்னு பார்த்து உனக்கு வயித்துவலி வந்துடுச்சு. நீ இன்னா பண்ணுவே? சாமி என்னைத்தான் கேக்கும்." ஏற முனைந்தவர் திரும்பினார். "இப்போ வலி தேவலையா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாய் திறந்தேன்...

"ஆங், தேவலை பாவா."

பதவிக்காலம் முடிந்துவிட்டது. களைத்துப் போனேன். மறுபடி நிற்கச் சொல்லி வருகிறவர்களைக் கண்டாலே அலுப்பாக இருக்கிறது. பாவா மட்டும் வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறார். அடிவாரத்தில் காத்திருந்து அவருக்கு மோர் கொடுக்கிறேன். கூட மலையேறக் கூப்பிடுகிறார்.

வயிறு சரியில்லை என்கிறேன். இன்றும் நம்புகிறார்.