ஐந்து போத்தல் பால்

எங்கள் மகள் பிறந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது, மனைவிக்கு நாற்பத்தொன்று. கலியாணமாகிப் பதினான்கு வருடங்களுக்குப் பிறகு வந்த பிள்ளை. அவள் கேட்டதையெல்லாம் கொடுத்தோம் என்று சொன்னால் அது சரியில்லை. அவள் கேட்பதற்கு முன்னமே கொடுத்தோம்.

மனைவிக்கு ஜெர்மனியில், நாங்கள் இருக்கும் வுப்பர்டால் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. விடியப்புறமே போய்விடுவாள். நான் பிற்பகல் வேலைக்குப் போகிறவன். ஆகவே காலை முழுவதும் பிள்ளை என்னோடுதான். ரப்பர் சூப்பி பூட்டிய பால் போத்தலைக் கழுவுவதும், பாலைச் சூடாக்கி மணிக்கட்டில் இரண்டு துளி விட்டுப் பார்ப்பதும் என் பொறுப்பு. என் இடது கையில் சாய்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே குடிப்பாள். குடித்து முடிகிறபோது உடம்பு முழுவதும் பாரமாகி என் கைக்குள் விழும். அந்தப் பாரத்துக்காகவே நான் அடுத்த போத்தலுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது விளங்குகிறது.

ஒரு நாளைக்கு ஐந்து போத்தல். பெரிய போத்தல். சோறு பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பால் குடிக்கிற பிள்ளைதானே, பிறகென்ன பயம் என்று சோற்றுக் கோப்பையை எடுத்துவிடுவேன்.

பிள்ளை நல்ல வெள்ளையாக வந்துகொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் நல்ல கறுப்பு. மேல்மாடியில் இருக்கும் அக்கா, எங்களைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், படியில் காணும்போதெல்லாம் நின்று பார்ப்பார்.

"தம்பி, தாயும் தேப்பனும் ரெண்டு கரிச்சட்டி. இது எங்கால வந்தது?"

"இஞ்சத்தைத் தண்ணி அக்கா," என்பாள் மனைவி.

"அப்ப நானும் முப்பது வரியமா உந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறன். எனக்கு ஒண்டையும் காணேல்லையே."

மூவரும் சிரிப்போம். நான் பிள்ளையை யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பினேன். "வடிவு," "வெள்ளைக்காரி," "கண்ணூறு படப்போகுது, சுத்திப்போடுங்கோ" என்று பதில்கள் வரும். மனைவி உண்மையாகவே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். விளையாட்டுத் திடலில் பிள்ளை மணலை அள்ளித் தின்பாள். அதையும் படம் எடுத்தேன். பத்தடி நடந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். நான் சந்தோஷமாகத் தூக்கிக்கொள்வேன்.

இரண்டு வயதுப் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். குழந்தை வைத்தியர் என் வயதுப் பெண்மணி. பிள்ளையை அளந்து, நிறுத்து, பிறகு பெருவிரலால் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். மற்ற இமையையும் பார்த்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நாளுக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று கேட்டார்.

"ஐந்து போத்தல்," என்றேன். நல்ல மதிப்பெண் வாங்கப்போகிற மாணவனைப் போலச் சொன்னேன்.

மண், காகிதம் ஏதாவது தின்கிறாளா என்று அடுத்ததாகக் கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார்கள். சில நிமிடங்களில் வைத்தியர் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம், வயிறு முழுவதும் பால் இருந்ததால் பிள்ளை வேறு எதையும் தின்னவில்லை, இரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, இந்த வெளிறலும் மண் தின்பதும் அதனால்தான், இன்றைக்கே சிறுவர் மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருடமாக ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த நிறம் அது.

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் இரத்தம் ஏற்ற வேண்டி வந்திருக்கும், இதயத்துக்கும் சுமை என்று அங்கே ஒரு இளம் வைத்தியர் தாழ்ந்த குரலில் சொன்னார். மனைவி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொரு நாளும் கிழடுகளின்ர கண்ணையும் நகத்தையும் பாத்து எழுதிக் குடுக்கிறன்," என்றாள் என்னிடம். "என்ர பிள்ளையைப் பாக்கேல்லை. வெள்ளை எண்டு சுத்திப் போட்டனான்."



இரும்புச்சத்து மருந்தோடும் ஒரு கட்டளையோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். போத்தல் இனிமேல் கூடாது. பால் கப்பில் மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு, நாளுக்கு இரண்டு சின்னக் கப். நான்கு கிழமையில், அதாவது ஒரு மாதத்தில், மீண்டும் இரத்தம் பார்ப்பார்கள். ஏறவில்லையென்றால் திரும்பவும் மருத்துவமனைதான்.

போத்தல்களை ஒரு பையில் போட்டு நிலவறையில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு கைபிடி உள்ள கப், மூக்கு வைத்த கப், குழாய் வைத்த கப் என்று மூன்று விதம் வாங்கினோம். மூன்றும் நிலத்தில் உருண்டன. பால் சுவரில் வழிந்தது. அவள் சமையலறை அலுமாரிக்கு முன்னால், போத்தல்கள் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் அழுதால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஏதோ ஒருவரைத் தேடுவது போல அழுதாள்.

மூன்றாம் நாள் சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தார்.

"ஏன் தம்பி பிள்ளையை இப்பிடி வதைக்கிறியள்? ஒரு போத்தலைக் குடுத்தால் என்ன குறைஞ்சிடும்?"

"ஏலாது அக்கா. டொக்டர் சொன்னவ."

"டொக்டர் சொல்லுவா. அவவோ அழுகையைக் கேக்கிறது?"

அக்கா போன பிறகு நான் நிலவறைக்கு இறங்கினேன். ஒரு போத்தலை எடுத்து, கழுவி, பால் சூடாக்கி, வழமைபோல மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சாகக் குடித்துவிட்டு என் கையில் நித்திரையானாள். மூன்று நாளைக்குப் பிறகு வீடு அமைதியானது. எழும்பிய பிறகு பருப்பும் சோறும் வைத்தேன். ஒரு வாய்கூட வாங்கவில்லை.

மனைவி வேலையால் வந்து, தொடாத சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள்.

"குடுத்தனீங்களோ?"

"ஓம்."

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் குடுக்க ஆசைதான். நான் வேலையில நிக்கிறதால தப்பினன், அவ்வளவுதான்." பிறகு கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்களே வெட்டுங்கோ. நான் வெட்டினால் நீங்கள் நாளைக்குப் போய்ப் புதுசு வாங்குவியள்."

நிலவறையில் இருந்த மற்ற நான்கையும் கொண்டுவந்து ஐந்து சூப்பிகளையும் வெட்டினேன்.

அடுத்த நாள் காலை எனக்குத் தேத்தண்ணி போட்டேன். என் பழக்கம், இரண்டு பேணியை எடுத்து ஒன்றிலிருந்து மற்றதுக்கு உயர்த்தி ஆற்றுவது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எத்தனையோ நாள் நான் ஆற்றியிருக்கிறேன், ஆனால் அப்போதெல்லாம் அவள் வாயில் போத்தலோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு, அரைக் கப் பாலை ஊற்றி அதையும் ஆற்றினேன். மூன்று தரம், நாலு தரம். நுரை விளிம்புக்கு வந்தது. அவள் கையை நீட்டினாள். விரலை நுரையில் வைத்து நக்கினாள். பிறகு பேணியை இழுத்து வாயில் வைத்தாள். பாதி நெஞ்சில் ஊற்றுப்பட்டது. மீதி உள்ளே போனது. மேலுதட்டில் நுரையோடு என்னைப் பார்த்து, "இன்னும்," என்றாள்.

"சோறு திண்டாப் பிறகு," என்றேன்.

அது அன்றைக்கே நடந்துவிடவில்லை. அன்று மதியம் மூன்று வாய். அடுத்த நாள் இரண்டு. ஒரு கிழமைக்குப் பிறகு அரை முட்டை. நான் ஒரு கொப்பியில் வாய்களை எழுதி வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "எங்கட இல்லத்தில இவ்வளவு எழுதினால் பதவி உயர்வு தருவினம்," என்றாள். மருத்துவமனைக்குப் பிறகு அவள் செய்த முதல் பகிடி அது.

மூன்றாவது கிழமை படியில் அக்கா பிள்ளையின் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "பிள்ளை கறுத்துப் போச்சுது தம்பி," என்றார் கவலையாக. நான் அவருக்கு நன்றி சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

இரத்தப் பரிசோதனைக்கு மனைவி லீவு எடுத்து வந்தாள். வைத்தியர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏறியிருந்தது. இன்னும் சரியான அளவுக்கு வரவில்லை, மருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், ஆனால் மருத்துவமனை தேவையில்லை என்றார். மனைவி கைக்குட்டையைத் தேடினாள். நான் இலக்கத்தை மூன்று தரம் வாசித்தேன்.

வெளியே வந்து, ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலில் ஏறுவதற்காக நடந்தோம். பிள்ளை எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாலம் தாண்டியதும் நின்றாள். களைத்துவிட்டாளோ என்று எனக்குப் பக்கென்றது. குனிந்தேன்.

"அப்பா, பசிக்குது."

இந்த இரண்டு வருடத்தில், அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்கிறேன். பசிப்பதற்கு நான் அவளை விட்டதே இல்லை. பையில் மருந்தைத் தவிர ஒன்றும் இல்லை. மனைவி முன்னால் இருந்த பேக்கரிக்குள் ஓடி ஒரு வட்டப் பாண் வாங்கி வந்தாள். ரயில் மேடைக்கு ஏறி, அங்கே இருந்த நீண்ட வாங்கில் மூவரும் உட்கார்ந்தோம். பிள்ளை பாணைக் கடித்து, மென்று, விழுங்கி, மறுபடி கடித்தாள். ஒரு ரயில் வந்து போனது. நாங்கள் ஏறவில்லை. அடுத்ததும் போனது. அவள் இன்னும் தின்றுகொண்டிருந்தாள்.