வெயிலுக்குக் கொடி ஏற்றுகிறவர்

மீட்டரின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, உடையப்பன் மூன்றடி பின்னால் போய் நின்றுகொள்கிறார். தன் நிழல் அதன்மேல் விழக்கூடாதாம். அங்கிருந்தே கழுத்தை நீட்டி எண்ணைப் படிக்கிறார், ஒருமுறை முணுமுணுத்துக்கொள்கிறார், நோட்டில் எழுதுகிறார், பிறகு கொடிக்கம்பத்தை நோக்கி நடக்கிறார். அரைமணிக்கு ஒருமுறை இது நடக்கும். கோவில் பூசாரிகூட இத்தனை ஒழுங்காக மணியடித்து நான் பார்த்ததில்லை.

அமீரகத்தில், அல் ஐனுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் ஒரு கிடங்கு கட்டுகிறோம். நான் அங்கே ஸ்டோர் பார்க்கிறேன். உடையப்பன் வெயில் பார்க்கிறார். உண்மையாகவே அதுதான் அவர் வேலை. வெயில், காற்று, புழுக்கம் மூன்றையும் சேர்த்து அந்த மீட்டர் ஓர் எண் சொல்லும். இருபத்தெட்டு வரை பச்சைக் கொடி, வேலை நிற்காது. அதற்கு மேல் மஞ்சள், நடுநடுவே ஓய்வு. முப்பத்திரண்டைத் தொட்டால் சிவப்பு. எல்லோரும் இறங்கி நிழலுக்கு வந்துவிட வேண்டும். கோடையில் மத்தியான வேலையை அரசாங்கமே நிறுத்திவிடுகிறது. மிச்ச நேரத்துக்குச் சட்டம் உடையப்பன்தான்.

ஊர் காளையார்கோவில் பக்கம், வயது நாற்பத்தாறு. வாரக் கடைசியில் மூன்று கொடிகளையும் நாங்கள் தங்கும் கேம்புக்கு எடுத்துப்போய்த் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவருவார். அவருடைய சட்டைக்கு அந்த யோகம் கிடையாது. வீட்டுக்குப் போன் போட்டால் முதல் கேள்வியே வெயில்தான். "இங்கயும் கொதிக்குதுங்க" என்பார் மனைவி உமாராணி. "கொதிக்குதுன்னா எத்தனை? நம்பரைச் சொல்லு" என்று இவர் மடக்குவார். அந்தம்மா போனை வைத்துவிடுவார்.

இதில் பெரிய கூத்து ஒன்று உண்டு. சிவப்பு ஏறினால் நூற்றிருபது பேரும் நிழலுக்குப் போவார்கள். எண் எப்போது இறங்குகிறது என்று யாராவது பார்க்கவேண்டுமே, அதனால் உடையப்பன் மட்டும் வெயிலில் நிற்பார். "ஏங்க, நீங்களும் மனுஷன்தானே?" என்று ஒருநாள் கேட்டேன். "நான் டூட்டியில இருக்கேன் சார்" என்றார்.

சிவப்புக்காக அவரிடம் நடக்கிற சிபாரிசு கொஞ்சநஞ்சமல்ல. டீ வரும், வாழைப்பழம் வரும். பெஷாவர்க்காரர் அப்துல் ஹாதி தோளில் கை போட்டு, "பாய், தோடா ரெட் கரோ", கொஞ்சம் சிவப்பை ஏற்றேன் என்று கொஞ்சுவார். உடையப்பன் டீயைக் குடிப்பார், பழத்தைத் தின்பார், கொடி மாறாது. எல்லோரையும்விட அதிகம் கெஞ்சுகிறவன் உமாராணியின் தம்பி சுரேஷ்குமார். அவனுக்குக் கல்யாணமான ஒன்பதாம் மாதம் விசா எடுத்துக் கூட்டிவந்ததே இவர்தான். மூன்று மாடி உயரத்தில், கூரைக்கு இரும்புச் சட்டம் பூட்டுகிற வேலை அவனுக்கு.

போன ஆகஸ்டில் ஒருநாள், சாயங்காலம் நாலு மணி. இரும்பைத் தொட்டால் கை பொரிந்தது. சுரேஷ் இறங்கி வந்து நின்றான்.

"மாமா, முடியலை மாமா. சிவப்பை ஏத்திவிடுங்க."

"முப்பத்தொண்ணு புள்ளி ஒன்பது மாப்ள. இன்னும் பாயின்ட் ஒண்ணு வரட்டும்."

"அந்தப் பாயின்ட் ஒண்ணு என் மண்டைக்குள்ள இருக்கு மாமா!"

"மீட்டர்ல வரணும்."

அவன் முறைத்துவிட்டு மறுபடி மேலே ஏறினான். எனக்கே உடையப்பன்மேல் ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் கறுத்தது. அங்கே கோடையில் சில நாள் இப்படித் திடீரென்று மழை கட்டும். முதலில் மண்காற்று, பிறகு இடி, பிறகு ஆலங்கட்டியோடு மழை. மேலே இருந்த பதினான்கு பேரில் ஒருவரும் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, அதில் மழையைப் பிடித்துத் தலையில் கொட்டிக்கொண்டார்கள். ஒருவர் வீடியோ காலில் ஊருக்கு மழையைக் காட்டினார். சுரேஷ் மூலைச் சட்டத்தின்மேல் நின்று கையை விரித்து ஆடினான். ஒரு மின்னல் மலையில் இறங்கியது. அடுத்தது எங்கள் வேலிக்கு வெளியே ஒரு விளக்குக் கம்பத்தில் இறங்கியது.

உடையப்பன் விசில் ஊதினார். அந்த இடியில் யாருக்குக் கேட்கும்? வாக்கிடாக்கியில் மலையாளி இன்ஜினியர் ராஜீவைக் கூப்பிட்டார். ஏசி அறையிலிருந்து குரல் குஷியாக வந்தது.

"மீட்டர் எத்தனை?"

"இருபத்தி மூணு சார். ஆனா மேல இடி..."

"இருபத்தி மூணு பச்சை அல்லே? நல்ல கிளைமேட். வேலை ஜல்தி முடிக்கச் சொல்லு."

விதி அப்படித்தான் இருந்தது. வெயிலுக்கு எழுதிய விதியில் மழையை யாரும் நினைத்திருக்கவில்லை. "சிவப்பை ஏத்துங்கய்யா, அதைப் பார்த்தாத்தான் இறங்குவானுங்க!" என்று ஸ்டோர் வாசலிலிருந்து கத்தினேன்.

"இருபத்தி மூணுல எப்படி சார் ஏத்துறது? ஆறு வருஷத்துல ஒரு பொய் எழுதுனதில்ல சார்." மேலே மைத்துனனைப் பார்த்தார், கீழே மீட்டரைப் பார்த்தார். அந்த மனிதரை அறையலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது.

அடுத்த நொடி மீட்டரை ஸ்டாண்டோடு பெயர்த்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார். ஸ்டோருக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய்க்கு எதிரே மீட்டரைப் பிடித்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "இருபத்தி ஆறு... இருபத்தி ஒன்பது... முப்பத்தொண்ணு..." முப்பத்தொண்ணு புள்ளி ஒன்பதில் எண் கொஞ்சம் தயங்கியது. "போதும்யா, ஓடு!" என்று அலறினேன். முடியாது என்று தலையை ஆட்டினார். தலைக்கு மேல் வானம் கிழிகிறது, மனிதர் அந்தப் பாயின்ட் ஒண்ணுக்காகக் காத்திருக்கிறார்.

"முப்பத்தி ரெண்டு!" என்று கூவிக்கொண்டே கம்பத்துக்கு ஓடினார். இரும்புக் கம்பம், ஈரக் கயிறு. கொட்டுகிற மழையில் சிவப்புக் கொடி ஏறியது. மேலே ஒருவன் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஆனாலும் சிவப்பு சிவப்புதான், வரிசையாக இறங்கினார்கள். கடைசி ஆள் நிழல் ஷெட்டுக்குள் வந்து சேர்ந்தபோது, சுரேஷ் ஆடிய மூலையில் மின்னல் இறங்கி, படாரென்று பொறி பறந்தது.

சிவப்பு ஏறினால் ஆளுக்கு ஒரு டம்ளர் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தாக வேண்டும், வெயிலில் வற்றிய உடம்புக்கு. நனைந்து வெடவெடத்து நின்ற பதினான்கு பேருக்கு முன்னால் உடையப்பன் ஐஸ் போட்ட கேனைத் திறந்தார்.

"மாமா, குளிருது மாமா."

"ரெட்டு ஏறியிருக்குல்ல. குடிறா."

டம்ளரை அவரே சுரேஷின் வாயருகே கொண்டுபோனார். அவசரத்தில் பாதி அவன் நெஞ்சில் கொட்டியது. மறுபடி விளிம்பு வரை நிரப்பி நீட்டினார்.