செக்கரம்மா சொன்ன எலி

சட்டை தைக்கும் கம்பெனியில் பதினாறு வருஷம் செக்கராக இருந்தவள் அவள். தைத்து முடித்த சட்டை எதுவானாலும் அவள் மேஜையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், பட்டன் துளை இழையளவு கோணியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கிப் போட்டுவிடுவாள். அங்கே எல்லாரும் செக்கரம்மா, செக்கரம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது.

ஆர்டர் வருவது நின்று கம்பெனியை மூடியதும் ஒரே நாளில் மூன்று பேருக்கு வேலை போயிற்று. செக்கரம்மாவுக்கு, அங்கேயே துணி வெட்டும் மாஸ்டராக இருந்த அவள் புருஷனுக்கு, கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தனுக்கு. அண்ணன் குடும்பத்துக்குக் கீழ்வீடு, தம்பி குடும்பத்துக்கு மொட்டை மாடியில் ஒற்றை அறை. மாமனார் கட்டிய வீடு, வாடகை கேட்க ஆளில்லை. அந்த ஒரு கவலையைத் தவிர மற்ற எல்லாக் கவலையும் இருந்தது.

வேலை போன மறுநாள் செக்கரம்மா துணி உலர்த்த மாடிக்குப் போனாள். ஓரகத்தி, சின்னவள், பழைய பெயிண்ட் டப்பாக்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? யாரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறே?"

"மண்ணு போடப் போறேன்க்கா. அவரும் சும்மாதானே இருக்காரு, சுமந்துட்டு வரட்டும்."

பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மூன்று மாதத்தில் அந்தப் பைத்தியம் மாடி முழுக்கப் பச்சையாகிவிட்டது. கீரை, தக்காளி, மிளகாய், கத்தரி. கதவு உடைந்த அலமாரிக்குள் நாலு கோழிகள். முட்டையைக் கொடுத்து எதிர்வீட்டில் பால் வாங்கினாள். புருஷனுக்கு அவளே முடி வெட்டினாள், செருப்பு அறுந்தால் அவளே தைத்தாள். கடைக்குப் போவது உப்புக்கும் தீப்பெட்டிக்கும்தான்.

அதையெல்லாம்கூடச் செக்கரம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. வேலை செய்யும்போது சின்னவள் ஏதோ ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். வார்த்தையும் கிடையாது, தாளமும் கிடையாது. அது மாடிப்படி வழியாக இறங்கி நேரே செக்கரம்மாவின் சமையலறைக்கு வரும். கீழே இரண்டு சம்பளம் நின்றுபோய் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்க, மேலே பாட்டு! வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எங்காவது ஒரு பிசிறு இருக்கும் என்று தேடினாள். காய்ந்த துணியை எடுக்கப் போனாள், காயாத துணியை எடுக்கவும் போனாள். புருஷன் பெண்டாட்டிக்குள் முறைப்பு உண்டா? கண் வீங்கியிருக்கிறதா? ஒன்றும் அகப்படவில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லாமல் திரும்பி வந்தாள்.

வீம்புக்கு அவளும் பின்கட்டில் உடைந்த வாளி ஒன்றில் விதை போட்டாள். நாளைக்கு நாலு தடவை தண்ணீர் ஊற்றியதில் முளைத்ததெல்லாம் அழுகிப்போயிற்று.

"சித்தி விரல விட்டுப் பாத்துட்டுதாம்மா தண்ணி ஊத்துவாங்க" என்றாள் மகள்.

"அவ விரலு தங்க விரலு. நீ போய்ப் படி."

இந்த நேரத்தில்தான் மாடியிலிருந்து பூசணிக்கொடி ஒன்று கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே இறங்கியது. செக்கரம்மாவின் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே ஒரு பிஞ்சும் விட்டது. சின்னவள் மேலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க ஜன்னல்ல காய்ச்சா அது உங்களுதுதான்க்கா!"

அவ்வளவுதான். கொடுக்கிற கையாக அவள் இருந்ததும், வாங்குகிற கையாகத் தான் ஆனதும் செக்கரம்மாவுக்குச் செரிக்கவேயில்லை. பிஞ்சு நாளுக்கு நாள் பருத்தது. புருஷன் வேறு ஜன்னலண்டை நின்று, "தம்பி பொண்டாட்டிக்குக் கைராசிதான்" என்றான். அன்று மத்தியானம் மேலே யாரும் இல்லாத நேரம் பார்த்து, நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரிக்கோலோடு ஏறினாள். கொடியின் அடித்தண்டை ஒரே நறுக்காக நறுக்கிவிட்டு இறங்கினாள்.

இரண்டு நாளில் கொடி துவண்டது. சின்னவள் மண்ணைக் கிளறிக் கிளறிப் புழுவைத் தேடினாள். பிறகு தண்டைப் பிடுங்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"நீங்க செக்கராச்சே. பாத்துச் சொல்லுங்கக்கா, இது என்ன கடி?"

செக்கரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தன் கத்தரிக்கோல் போட்ட வெட்டு. பிசிறில்லாமல், நேராக, சுத்தமாக இருந்தது. சட்டையாக இருந்தால் பாஸ் போட்டிருப்பாள்.

"எலி" என்றாள்.

சின்னவள் நம்பிவிட்டாள். செக்கரம்மாவின் கண்ணை யார்தான் நம்பமாட்டார்கள்? அன்றைக்கே எலிப்பொறி இரவல் வாங்கினாள். எலி கோழியைக் கடித்துவிடும் என்று பயந்து நாலு கோழியையும் அந்த ஒற்றை அறைக்குள்ளேயே அடைத்தாள். தூக்கம் கெட்டது. புருஷனோடு சண்டை வந்தது. பாட்டு நின்றுபோயிற்று.

முதல் நாள் அந்த அமைதி செக்கரம்மாவுக்குத் தேனாக இனித்தது. இரண்டாம் நாள் ஏதோ கடமைக்கு இனித்தது. மூன்றாம் நாள் அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்காம் நாள் மேலே தடதடவென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், எலிவளை தேடுகிறேன் என்று சின்னவள் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். காய்த்துத் தொங்கிய தக்காளிச் செடிகள் வேரோடு தரையில் கிடந்தன.

"நிறுத்துடி! எலியெல்லாம் இல்ல."

"நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"நான்தான் வெட்டினேன்."

சின்னவள் கையிலிருந்த டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தாள். முகம் கறுத்தது. அப்புறம் கத்தினாள் பாருங்கள், தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "உங்களுக்கு நான் என்ன செஞ்சேன்? ஒரு கீரை ஆய்ஞ்சா பாதி உங்களுக்குத்தானே குடுத்தேன்! போங்க கீழ, என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க!"

பதினோரு நாள் பேச்சு வார்த்தை இல்லை. பன்னிரண்டாம் நாள் செக்கரம்மாவே படியேறிப் போய், தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்றது?" என்றாள் சின்னவள். "மண்ணு வேணும். கொட்டினது பாதி காத்துல போயிடுச்சு."

தெருக்கோடியில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கேட்டு, செக்கரம்மா தானே கூடை கூடையாகச் சுமந்தாள். மூன்று நாளும் அந்த இருபது படியை ஏறி ஏறி இறங்கினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. கடைசிக் கூடையை இறக்கியதும் சின்னவள் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

செக்கரம்மா குடித்துவிட்டு, மாதக்கணக்காக மனசில் அரித்ததைக் கேட்டேவிட்டாள். "ஊரே அல்லாடுது. உனக்கு மட்டும் எப்படிடி பாட்டு வருது?"

"பாடலன்னா பயமா இருக்கும்க்கா" என்றாள் சின்னவள். கொஞ்சம் யோசித்து, "ஆனா பாட ஆரம்பிச்சா, நெஜமாவே நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அப்படியே செக்கரம்மாவின் விரலைப் பிடித்து மண்ணுக்குள் விட்டாள். "ஈரம் தெரியுதா? அப்ப இன்னிக்கு ஊத்தக் கூடாது."

அதற்குப் பிறகு செக்கரம்மா திருந்திவிட்டாள் என்று சொன்னால் அது பொய். பொறாமை போகவில்லை. ஆனால் வேலை செய்யத் தொடங்கியது. மேலே நாலு கோழி என்றால் கீழே ஐந்து வந்தது. மேலே கத்தரி காய்த்தால் கீழே பின்கட்டுச் சுவரோரம் அவரை படர்ந்தது. சின்னவளின் அவரை மெலிந்துபோன ஒரு வாரம் முழுக்க செக்கரம்மா ராணி மாதிரி நடந்தாள். துணி வெட்டும் மாஸ்டர் பழைய திரைச்சீலைகளை வெட்டிக் கொடுக்க, இரண்டு வீட்டுக்கும் துணிமணி சின்னவளே தைத்தாள். ஒரு வருஷம் யார் முன்னாலும் கை நீட்டாமல் ஓடிற்று. மகள் கன்னத்தில் சதை போட்டிருந்தது.

மூடி ஒன்றரை வருஷம் கழித்துக் கம்பெனியைத் திறந்தார்கள். மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். முதல் சம்பளம் வந்த அன்றைக்குச் சாயந்திரம், வேலை முடிந்து வந்த அலுப்போடு செக்கரம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

"அதான் சம்பளம் வந்தாச்சே" என்றான் புருஷன். "இன்னமும் எதுக்கு இந்தப் பாடு?"

செக்கரம்மா அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். அங்கே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"அவ நிறுத்தட்டும், நானும் நிறுத்தறேன்" என்று சொல்லிவிட்டு அவரைச் செடியின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள்.