நான் பஸ்ஸாக இருந்த கோடை

எங்கள் செவலை நாயைப்போல் புத்திகெட்ட ஒரு பிராணியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆடு மேய்ப்பதில் குறை சொல்ல முடியாது. ஒரு வயதுகூட நிரம்பவில்லை, ஆனால் மந்தையை விட்டு ஓர் ஆடு விலகினால் போதும், பறந்து போய் முன்னால் நின்று மடக்கிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். தொல்லை என்னவென்றால், அறந்தாங்கி பஸ்ஸையும் அது அப்படித்தான் மடக்கப் பார்த்தது.

தப்பு நாயின் மேல் மட்டும் இல்லை. கண் திறக்காத குட்டியாய் வந்ததை, ஆட்டுக்குட்டிகளைக் கவிழ்த்து மூடும் கொடாப்புக்குள் அந்தக் குட்டிகளோடேயே போட்டு, ஆட்டுப்பால் ஊட்டி வளர்த்தவர் என் மாமா. ஆத்தாவின் கூடப்பிறந்த தம்பி. எங்களோடுதான் இருந்தார், எங்கள் செம்மறிகளை அவர்தான் மேய்த்தார். அப்படி வளர்த்தால்தான் நாய் மந்தையை விட்டு நகராது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நகரவில்லைதான். ஆனால் கண்ணில் படுகிற எல்லாமே மந்தையைச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டது. ஓடுகிறதா, மடக்கு. அதற்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

புதுக்கோட்டை சமஸ்தானம் கலைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் ரோட்டில் ஓடியது ஒரு பஸ், எப்போதாவது ஒரு லாரி. அறுவடை முடிந்ததும் கிடை போடும் காலம். ராத்திரி முழுக்க ஆடுகளை வயலில் அடைத்து வைத்தால் வயலுக்கு எரு. அந்த வருஷம் எங்களைக் கூப்பிட்டவர்களின் வயல்களெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன. ஒருநாள் மந்தை ரோட்டைத் தாண்டும்போது செவலை பஸ்ஸின் சக்கரத்துக்குக் குறுக்கே பாய, டிரைவர் வண்டியை ஒடித்து வாய்க்கால் ஓரத்தில் நிறுத்தினார். இறங்கி வந்து எங்கள் வம்சத்தையே இழுத்துப் பேசினார்.

அப்பா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சித்திரைக்குள்ள இது அடங்கலைன்னா கீரமங்கலத்துச் சொந்தக்காரங்ககிட்ட குடுத்துருவேன். இதுவும் சாகும், ஆட்டையும் சேத்துச் சாகடிக்கும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நாயை நான் திட்டாத நாளில்லை. ஆனாலும் அது இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாமா அதைப் பழக்க ஆரம்பித்தார். முதல் யோசனை கருவாடு. ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டை மடியில் முடிந்துகொண்டு போய், பஸ் வரும்போது ஒரு துண்டு போடுவார். வாயில் கருவாடு இருந்தால் எப்படிப் பாயும் என்பது அவர் கணக்கு. நாயின் கணக்கு வேறாக இருந்தது. பஸ் வந்தால் கருவாடு வரும் என்று புரிந்துகொண்டு, பஸ் வருவதற்கு முன்பே நடுரோட்டில் போய் உட்கார்ந்து வாலாட்டத் தொடங்கியது. டிரைவர் மறுபடியும் இறங்கினார். போன தடவை விட்டுப்போனவர்களையும் இந்தத் தடவை சேர்த்துக்கொண்டார்.

ஒற்றை பஸ்ஸை நம்பினால் வேலைக்கு ஆகாது என்று மாமா முடிவு கட்டினார். எங்கிருந்தோ ஒரு பழைய ரப்பர் ஹாரனைச் சம்பாதித்துக்கொண்டு வந்தார். பஸ் யார்? நான்தான். ஒரு கையில் ஹாரனை அமுக்கிக்கொண்டு, மறு கையில் தகர டப்பாவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, ரோட்டோரப் பொட்டலில் வேகாத வெயிலில் நான் ஓட வேண்டும். புளியமரத்தடியில் மாமா நாயைப் பிடித்துக்கொண்டு "இரு, இரு" என்பார். அது இராது. பாய்ந்து வந்து என் பாவாடையைக் கவ்வி என்னை மரத்தடிக்கே இழுத்துக்கொண்டு போகும். பாவாடை கிழிந்ததற்கு அடி எனக்கு. பள்ளிக்கூடத்தில் என் பெயரே பஸ் ஆகிப்போனது.

"பொம்பளப் புள்ளைய பாம் பாம்னு ரோட்டோரம் ஓட விட்டுருக்கியேடா, ஒனக்கு அறிவிருக்கா?" என்று ஆத்தா கத்துவாள்.

"நாளு இல்லக்கா" என்பார் மாமா. அதைக் கேட்டதும் ஆத்தா அடுப்படிக்குள் போய்விடுவாள். சித்திரைக்குத்தான் நாள் இல்லை என்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. பஸ் கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் கருவாடு, அதுவும் அசையாமல் படுத்திருந்தால்தான். செவலைக்கு மெல்ல மெல்ல உறைத்தது. லாரி போனாலும் காதை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. அப்பாவும் நேரில் வந்து பார்த்துவிட்டு, கீரமங்கலம் பேச்சை விட்டுவிட்டார். என் பஸ் உத்தியோகம் தீர்ந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன்.

மாமாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. இனி அவரே பஸ்ஸில் ஏறுவாராம். கண்மாய் மடைத் திருப்பத்தில் இறங்கி நடந்து வருவாராம். அதுவரை நான் நாயைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். முதல் தடவையே செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பஸ்ஸை விட்டுவிட அதனால் முடிந்தது, மாமா உள்ளே இருக்கிற பஸ்ஸை விட முடியவில்லை. திட்டு எனக்குத்தான் விழுந்தது.

"நீ ஏன் புள்ள எந்திரிச்ச? நீ எந்திரிச்சா அதுவும் எந்திரிக்கும். நான் ஏறிப் போனாலும் ரெண்டு பேரும் அசையக்கூடாது."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் மாமா, ஆடு என்ன பஸ்ஸுலயா ஏறப் போகுது?" என்று கேட்டேன். அவர் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதுவும் பழகிவிட்டது. அவர் ஏறுவார், நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருப்போம், மடைப் பக்கமிருந்து அவர் நடந்து வருவார். நாய்க்குக் கருவாடு, எனக்குக் கடலைமிட்டாய்.

ஒருநாள் காலையில் மாமா வெளுத்த வேட்டி கட்டி, கையில் தகரப்பெட்டியோடு மரத்தடிக்கு வந்தார்.

"பெட்டி எதுக்கு மாமா?"

"பெட்டியோட ஏறுனாலும் அது இருக்கணும்ல" என்றார். கருவாட்டு முடிச்சையும் கடலைமிட்டாயையும் அன்றைக்கு முன்கூட்டியே என் கையில் கொடுத்துவிட்டார். இந்த மனிதருக்குச் சோதனை தீரவே தீராதா என்று நான் அலுத்துக்கொண்டேன்.

பஸ் வந்தது, ஏறினார், போனது. செவலை காதைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. "இரு" என்றேன். இருந்தது. மடைத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறி மர நிழல் சுருங்கியது. கருவாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"ஆத்தா, இன்னக்கி அது அசையவே இல்ல! நானும் அசையல!"

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஒங்க மாமன் நாகப்பட்டினம் போயி கப்பல் ஏறிருவான்டி. பினாங்குக்குப் பொழைக்கப் போறான்" என்றாள்.

"இல்ல, மடையில எறங்கி வந்துருவாரு" என்று அவள் கையை உதறிவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு மறுபடியும் புளியமரத்துக்குப் போனேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் போய்விட்டார் என்று இல்லை, நடந்து வர இவ்வளவு நேரமா ஆக்குவார் என்று. செவலை தலையை முன்னங்காலில் வைத்துப் படுத்திருந்தது. நானும் எழுந்திருக்கவில்லை. அவர் நாயைத்தான் பழக்கினார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.